அடுத்த டூர் எப்போ?

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 6 வருடமாகச் சின்னதாய் ஒரு கலை ரசனை வட்டம் நடத்தி வருகிறோம். மாதம் ஒரு பேச்சு, 3 மாதத்துக்கு ஒரு பயணம். பயணம் என்றால் 2 வேன் நிறைகிறது. பேச்சுக்கு 12 பேர் வந்தால் அதிகம்; அதில் 4 பேர் கமிட்டி. போன மாதம் அஜந்தா ஓவியங்களைப் பற்றிப் பேச ஒருவரைக் கோவையிலிருந்து வரவழைத்தோம். ஒன்றரை மணி நேரம், 110 ஸ்லைடு. கடைசியில் கூட்டத்திலிருந்து வந்தது ஒரே கேள்விதான்: “அடுத்த டூர் எப்போ?” பேச்சை விட்டுவிட்டு டூர் மட்டும் போகலாம் என்கிறார்கள். எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

அந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது, ஏனென்றால் அந்த 110 ஸ்லைடுக்காரர் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் குன்னூரில் உங்களுடையதைப் போன்ற ஒரு கூட்டம். சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றிப் பேசப் போனேன். பத்தாவது படத்தில் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போய்விட்டது. படம் இல்லாமல் என்னிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. அதுவரை நான் பேசவில்லை, படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டிருந்தேன் என்று இருட்டில்தான் தெரிந்தது.

மெழுகுவத்தி ஏற்றி, டீயும் வர்க்கியும் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் தேயிலைக்கு ருசி பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். டீ நன்றாக இருக்கிறது என்றேன். “தனியா ஒரு கப் குடிச்சா எல்லா டீயும் நல்லாத்தான் சார் இருக்கும்” என்றார்.

அவர்கள் பார்க்கும் முறையையும் சொன்னார். வரிசையாகக் கிண்ணங்கள். எல்லாவற்றிலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நிமிடக் கணக்கு. காய்ந்த தூள் முன்னால், வெந்த இலை மூடியின் மேல், சாறு கிண்ணத்தில். கரண்டியில் எடுத்து, வீட்டில் செய்தால் திட்டு விழும் அளவுக்குச் சத்தமாக உறிஞ்சி, துப்பிவிட்டு, அடுத்த கிண்ணம். மூன்றாவதில் ஏதோ குறைகிறது என்பது நான்காவதை வாயில் வைக்கும்போதுதான் தெரியும் என்றார்.

நம் பேச்சுகளில் இது நடப்பதே இல்லை. ஒரு படம் போய் அடுத்த படம் வருகிறது, எல்லாமே அழகு. 110 அழகைப் பார்த்தவர் டூரைப் பற்றிக் கேட்காமல் வேறென்ன கேட்பார்? பேச்சை நிறுத்த வேண்டாம் டீச்சர். இரண்டு பொருளை அக்கம்பக்கமாக வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

நம் மலையின் தோடர் பழங்குடியினர் போர்த்தும் சால்வையான பூத்துக்குளியிலிருந்து தொடங்கலாம். தோடர் பெண்கள் கையால் பூவேலை செய்த சால்வை ஒன்று, அதே சிவப்பு கறுப்பு வரிகளை மெஷினில் போட்டு ஊட்டிக் கடைகளில் தொங்கவிட்டிருப்பது ஒன்று. மேஜையில் விரித்து, இரண்டையும் திருப்பிப் போடுங்கள். மெஷின் துணியின் முதுகில் நூல் குப்பையாக ஓடும். கைவேலையில் அப்படி இல்லை. வரைந்துகொள்ளாமல், சட்டம் கட்டாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போகிறது; இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருக்கும். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற தகவல் எல்லோரிடமும் இருக்கிறது. துணியைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு.

ஒரு மந்திலிருந்து, அதாவது தோடர் குடியிருப்பிலிருந்து, பூவேலை செய்யும் அம்மா ஒருவரை அழையுங்கள். சொற்பொழிவு வேண்டாம், அவர் பாட்டுக்குத் தைக்கட்டும். துணிக்கு எது முன்பக்கம் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள், அதிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும். கோவைக்காரருக்குக் கொடுத்த அதே தொகையை அவருக்கும் கொடுங்கள். பொன்னாடையோடு அனுப்பிவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அதிலும் சால்வை தைப்பவருக்கே சால்வை!

பயணத்துக்கும் இதே கணக்குதான். கரிக்கையூர்ப் பாறை ஓவியங்கள் உங்கள் பக்கத்திலேயே, கீழ்க்கோத்தகிரி தாண்டி இருக்கின்றன. போவதற்கு முந்தின மாதம் இங்குள்ள குறும்பர் பழங்குடியினரின் ஓவியம் ஒன்றைக் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் செம்மண்ணாலும் இலைச்சாற்றாலும் வரைந்து வந்தது இப்போது காகிதத்துக்கு வந்திருக்கிறது. தேன் எடுக்கும் காட்சி கிடைத்தால் விடாதீர்கள். அந்த மனித உருவம் கண்ணில் இருக்கும்போதே பாறைக்கு முன்னால் போய் நில்லுங்கள். எது ஒன்றுபோல இருக்கிறது, எது இல்லை என்று உங்கள் ஆட்களே சண்டை போட ஆரம்பிப்பார்கள்.

ஆனால் 2 வேன் கூடாது. வனத்துறை அனுமதி வாங்கி, 10 பேர் போதும். படம் தெளிவாக விழ வேண்டும் என்று பாறையில் தண்ணீர் தெளிக்கும் ஆள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார், அவரைக் கண்டுபிடித்து முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே ஓவியத்தின் மேல் பெயர் கிறுக்கிவிட்டுப் போனவர்களும் டூர் வந்தவர்கள்தான்.

சரி, அஜந்தா. கரிக்கையூர் போய்வந்த அடுத்த மாதம் அதே கோவைக்காரரை மறுபடி கூப்பிடுங்கள். 6 ஸ்லைடு போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டு வரமாட்டேன் என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள், நான் வருகிறேன். வர்க்கி வாங்கி வைத்தால் போதும்.

அன்புடன்