ஒற்றை எலக்ட்ரானின் ஸ்பின்னைப் படிப்பது எப்படி? கொடைக்கானல் மலைவாசிகளின் கேள்விகளும் பதில்களும்

கே (பண்ணைக்காடு, பிளஸ் டூ மாணவி): அண்ணா, குவாண்டம் புள்ளி என்பது ஒரு பொருளா, வெறும் இடமா?

ப: இடம்தான் தங்கச்சி. சிலிக்கான் சில்லின் மேல் கேட்டுகள் எனப்படும் மிக நுண்ணிய உலோக மின்முனைகளைப் பதித்து மின்னழுத்தம் கொடுத்தால், அடியில் சில பத்து நானோமீட்டர் அகலத்தில் ஓர் ஆற்றல் பள்ளம் உண்டாகும். அதில் ஒரே ஒரு எலக்ட்ரானை நிறுத்திவைக்கலாம். எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம்போல நடந்துகொள்ளும் இயல்புதான் ஸ்பின். அது மேல்நோக்கியா, கீழ்நோக்கியா என்பதுதான் கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு. லாஸ், டிவின்சென்சோ என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1998-ல் சொன்ன யோசனை இது.

கே (பூம்பாறை, பூண்டு விவசாயி): மார்கழியில் எங்கள் ஊரில் கை விறைக்கிறது. அந்தக் குளிர் போதாதா தம்பி?

ப: போதாதுங்க ஐயா. 1 டெஸ்லா காந்தப்புலத்தில் இரண்டு ஸ்பின் நிலைகளுக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி, வெப்பக் கணக்கில் 1.3 கெல்வின்தான் (0 கெல்வின் என்றால் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்). உங்கள் ஊர் எவ்வளவு உறைந்தாலும் 270 கெல்வினுக்குக் கீழே போவது அரிது. அந்தச் சூட்டில் எலக்ட்ரான் இஷ்டத்துக்குத் தாவும். அதனால் ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையால் குளிரும் கருவியில் கெல்வினில் நூறில் சில பங்குவரை இறக்குகிறார்கள். 2020-ல் 1 கெல்வினுக்குச் சற்று மேலேயும் கியூபிட்டுகளை இயக்கிக் காட்டினார்கள். குளிரூட்டும் செலவு வெகுவாகக் குறையும் என்பதால் எனக்கு இது பெரிய செய்தி.

கே (கொடைக்கானல், கல்லூரி ஆசிரியை): ஒற்றை ஸ்பின்னின் காந்தத்தன்மை மிக மிகச் சிறியது. அதை எப்படி அளக்கிறீர்கள்?

ப: நேராக அளப்பதில்லை மேடம். ஸ்பின் கேள்வியை மின்னூட்டக் கேள்வியாக மாற்றிவிடுகிறோம். 2004-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் செய்தது இப்படி: பள்ளத்தின் ஆற்றலைச் சரியான அளவுக்கு உயர்த்தி, மேல்நிலை ஸ்பின் உள்ள எலக்ட்ரான் மட்டும் பக்கத்து எலக்ட்ரான் தேக்கத்துக்கு வெளியேறும்படி வைத்தார்கள். கீழ்நிலையில் இருந்தால் அது அசையாது. அருகில் உள்ள உணரியின் மின்னோட்டத்தைத் திரையில் பார்த்தால், எலக்ட்ரான் வெளியேறியதும் கோடு ஒரு படி ஏறும். கீழ்நிலை எலக்ட்ரான் ஒன்று வந்து இடத்தை நிரப்பியதும் பழைய மட்டத்துக்கு இறங்கும். அந்தச் சின்ன மேடு தெரிந்தால் ஒரு விடை, தெரியாவிட்டால் மற்றது.

ஆனால் பல புள்ளிகளை வரிசையாக அமைத்தால், நடுவில் இருக்கும் புள்ளிக்குப் பக்கத்தில் தேக்கம் எங்கே? அங்கே பவுலி விதி கைகொடுக்கிறது. பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரான்கள் இரண்டையும் ஒரே பள்ளத்துக்குள் தள்ளிப் பார்ப்போம். ஸ்பின்கள் எதிரெதிராக இணைந்திருந்தால் சேரும், ஒரே திசையில் இருந்தால் சேராது. சேர்ந்ததா இல்லையா என்பதை உணரி சொல்லிவிடும். பெரிய வரிசைகளுக்கு இதுவே ஏற்ற வழி என்பது என் கருத்து.

கே (அதே கல்லூரி மாணவர்): நம் சூரிய ஆய்வகத்தில் சூரியப் புள்ளிகளின் காந்தப்புலத்தைப் படிப்பதும் இதுவும் ஒன்றா சார்?

ப: அடிப்படை ஒன்றுதான்: காந்தப்புலத்தில் ஆற்றல் நிலைகள் பிளவுபடும் சீமன் விளைவு. வானியலாளர் ஹேல் 1908-ல் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் பிளவுபட்டதைக் கண்டார். மறு ஆண்டு கொடைக்கானலில் எவர்ஷெட் அதே புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டார். அங்கே பிளவிலிருந்து காந்தப்புலத்தைக் கணக்கிடுகிறோம். இங்கே புலத்தை நாமே வைத்து, பிளவுக்குப் பொருந்தும் மைக்ரோஅலையை, டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் வீதம், செலுத்தி ஸ்பின்னைத் திருப்புகிறோம். எவ்வளவு நேரம் செலுத்துகிறோமோ அவ்வளவு திரும்பும்.

கே (தாண்டிக்குடி, எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்): புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போவதில் என்ன தடை?

ப: ஒரு கேட்டைத் தொட்டால் பக்கத்துப் புள்ளியும் நகரும், கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தால் எல்லாக் கயிறும் இழுபடுவதுபோல. எந்தக் கேட் எதை எவ்வளவு பாதிக்கிறது என்று அளந்து, மற்றவற்றில் ஈடுசெய்யும் அழுத்தத்தைக் கணினியே கொடுக்கும்படி செய்கிறார்கள். அப்புறம் சிலிக்கானிலேயே ஒரு தொல்லை: இயற்கைச் சிலிக்கானில் 4.7 சதவீதம் சிலிக்கான்-29, அதன் அணுக்கருவுக்கும் ஸ்பின் உண்டு, அது கியூபிட்டைக் குழப்பும். அதை நீக்கிய சிலிக்கானில்தான் கியூபிட் நெடுநேரம் நிலைக்கிறது.

மிச்சம் கம்பிப் பிரச்சினை. டெல்ஃப்ட்டில் 2022-ல் 6 கியூபிட்டுகளை ஒரே வரிசையில் இயக்கினார்கள். 2023-ல் ஜெர்மானியத்தில் 16 புள்ளிகளைப் பொதுக் கம்பிகளால் கட்டுப்படுத்தினார்கள். புள்ளிக்கு ஒரு தனிக் கம்பி என்றால் ஆயிரத்தைத் தாண்ட முடியாது. உங்களைப்போல் சர்க்யூட் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் தேவை.