மேக்ஓஎஸ் அப்கிரேடுக்குப் பிறகு கிட் ஓடவில்லை, பைத்தானும் காணவில்லை: எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போடவேண்டுமா?

மேக்ஓஎஸ்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியதிலிருந்து டெர்மினலில் கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) என்று அடித்தாலே 'இன்வேலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்' என்று பிழை வருகிறது, ஹோம்ப்ரூ (மேக்கில் மென்பொருள்களை நிறுவித் தரும் கருவி) வழியாகப் போட்டிருந்த பைத்தானையும் காணோம், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம், தயவுசெய்து இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். ஹோம்ப்ரூவில் போட்டதெல்லாம் பெரும்பாலும் டிஸ்கில் அப்படியேதான் இருக்கும், அதைத் தேடிப் போகும் வழிதான் மாறியிருக்கும். கிட் பிரச்சினை வேறு, பைத்தான் பிரச்சினை வேறு. தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் கிட். '/யூஎஸ்ஆர்/பின்' ஃபோல்டரில் இருக்கும் கிட் உண்மையான கிட் இல்லை. அது ஒரு சின்ன இடைத்தரகு நிரல், டெவலப்பர் கருவிகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று கேட்டு அங்கே இருக்கும் கிட்டை ஓட்டும், அவ்வளவுதான். அப்கிரேடில் அந்த ஃபோல்டர் காணாமல் போனால் உங்களுக்கு வந்த பிழை வரும். 'எக்ஸ்கோட்-செலக்ட் -பி' என்று அடித்தால் அது எந்த இடத்தைக் காட்டுகிறது என்று தெரியும். அங்கே எதுவும் இல்லையென்றால் 'எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்' போதும், ஒரு ஜன்னல் திறந்து மற்றதைக் கேட்கும். ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதே பிழையைத் தருகிறதா? அப்போது மட்டும் '/லைப்ரரி/டெவலப்பர்/கமாண்ட்லைன்டூல்ஸ்' என்ற அந்த ஒரு ஃபோல்டரை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டு நீக்கும்போது ஃபோல்டரின் முழுப் பாதையை இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள், அது திரும்பக் கேட்காது.

ஆப்பிளின் நிரலாக்க மென்பொருளான எக்ஸ்கோடை முழுதாக வைத்திருப்பவர்கள் சூடோவுடன் 'எக்ஸ்கோட்-செலக்ட் --ஸ்விட்ச்' கொடுத்து அதன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், லைசென்ஸையும் ஏற்கச் சொல்லும். திருப்பிய பிறகும் பழைய இடமே வந்தால் 'டெவலப்பர்_டிர்' என்ற சூழல் மாறியை எங்கேயாவது வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அது இருந்தால் அதன் பேச்சுதான் எடுபடும்.

சரி, பைத்தான். கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டர்களில், எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல்தான் பாத். இங்கேதான் பலர் பாத்தை மாற்ற இணையத்தில் கண்ட எக்ஸ்போர்ட் வரியை எல்லாம் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒட்டி இன்னும் சிக்கலாக்குகிறார்கள் (டெர்மினலில் நீங்கள் அடிப்பதை வாங்கி ஓட்டும் நிரல்தான் ஷெல்). ஒட்டுவதற்கு முன் 'டைப் -ஏ பைத்தான்3' அடியுங்கள். பாத்தில் இருக்கும் எல்லாப் பைத்தானும் வரிசையாக வரும், மேலே இருப்பதுதான் ஓடும். நீங்கள் போட்டது பட்டியலில் கீழே இருந்தால் வரிசைதான் பிரச்சினை, பட்டியலிலேயே இல்லையென்றால் அதன் ஃபோல்டர் பாத்தில் சேரவில்லை.

ஏன் சேரவில்லை? 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து புதிய கணக்குகளுக்கு இயல்பான ஷெல் இசட்எஸ்ஹெச். பழைய ஷெல்லான பேஷிலிருந்து அதற்கு மாறியிருந்தால் '.பேஷ்_ப்ரொஃபைல்' கோப்பை யாரும் படிக்கமாட்டார்கள், அதிலுள்ள பாத் வரிகளை '.இசட்ப்ரொஃபைல்' கோப்புக்கு மாற்றவேண்டும். '.இசட்எஸ்ஹெச்என்வி'யில் வைக்காதீர்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு ஓடும் பாத்_ஹெல்பர் என்ற நிரல் சிஸ்டம் ஃபோல்டர்களை முன்னே தள்ளி உங்களுடையதைப் பின்னே அனுப்பிவிடும். இன்டெல் மேக்கிலிருந்து ஆப்பிள் சிப் மேக்குக்கு வந்தவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும்: ஹோம்ப்ரூ முன்பு '/யூஎஸ்ஆர்/லோக்கல்' இடத்தில் இருந்தது, இப்போது '/ஆப்ட்/ஹோம்ப்ரூ'. பழைய இடத்தை எழுதிவைத்த ஸ்கிரிப்ட் எல்லாம் தடுமாறும்.

எந்த எக்ஸ்போர்ட் வரி எழுதினாலும் அதன் கடைசியில் டாலர் குறியோடு பழைய பாத்தையும் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் ஃபோல்டரில் உள்ளதைப் பட்டியலிடும் எல்எஸ் கூட ஓடாது. பயப்படவேண்டாம், '/பின்/எல்எஸ்' என்று முழுப் பாதையோடு அடித்தால் ஓடும், கோப்பைத் திருத்திவிட்டுப் புதிய டெர்மினல் ஜன்னலைத் திறங்கள்.

அப்புறம், ஒரு ப்ராஜெக்ட்டின் விர்ச்சுவல் என்விரான்மென்ட் (அதற்கென்று தனியாக வைத்திருக்கும் பைத்தான் ஃபோல்டர்) மட்டும் அடம்பிடித்தால் அதைச் சரிசெய்ய உட்காராதீர்கள். பழைய பைத்தானைச் சுட்டும் இணைப்பு அறுந்திருக்கும், அதை நீக்கிவிட்டு தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பிலிருந்து புதிதாக உருவாக்குவதுதான் சீக்கிரம் முடியும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் '/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்' என்று 3 இல்லாமல் இருந்தால் பாத்தை எப்படி மாற்றினாலும் பலன் கிடையாது. அந்தப் பைத்தான் 2.7ஐ ஆப்பிள் 2022இல் மேக்ஓஎஸ் 12.3 பதிப்போடு நீக்கிவிட்டது, ஸ்கிரிப்டைத்தான் பைத்தான் 3க்கு மாற்றி எழுதவேண்டும்.