வடக்குச் சன்னலும் செம்பருத்தியும்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓவியம் போலப் பூவையும் மரத்தையும் கேமராவில் படம் எடுக்க முயல்வோர் கேட்டவற்றுக்கான பதில்கள்.

ஐயா, பழைய டச்சு ஓவியம் போல இருட்டுப் பின்னணியில் பூ எடுக்கிறேன். வடக்குச் சன்னல்தான் நல்லது என்று படித்தேன். ஆனால் ஜூன் மாதம் பூமேல் நேராக வெயில் விழுகிறதே?

அது ஐரோப்பாவுக்கு ஏற்ற விதி, அம்மா. அங்கே பகல் முழுவதும் சூரியன் பெரும்பாலும் தெற்கே இருக்கும். வடக்குச் சன்னலில் வான வெளிச்சம் மட்டும் மென்மையாக வரும். நாம் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 5 டிகிரி வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும்; காலையும் மாலையும் வெயில் சாய்ந்து அந்தச் சன்னலில் நுழையும். அந்த மாதங்களில் தெற்குச் சன்னலுக்கு மாறுங்கள். மற்ற மாதங்களில் வடக்கு சரி. தோட்டத்து லயத்து வீட்டில் ஒரே சன்னல்தான் என்றால், சன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினால் போதும்.

பூவைச் சன்னலுக்குப் பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். கறுப்பு வெல்வெட் துணி பூவுக்குப் பின்னால் இன்னொரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் துணியின் மடிப்பும் தூசியும் தெரியும். சன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை வைக்காதீர்கள். நிழல் ஆழமாக இருந்தால்தான் அந்த ஓவியங்களின் கனம் வரும். கேமராவுக்கு முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 8, வெளிச்சம் ஒரு ஸ்டாப் குறைவு, அதாவது பாதி. காற்றாடியை நிறுத்த மறக்க வேண்டாம்.

செம்பருத்தியின் சிவப்பு வெறும் கறையாக வருகிறது, அண்ணே.

கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனிச் சேனலில் பதிவு செய்கிறது; அதில் சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிகிறது, தம்பி. சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) அதைக் காட்டாது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். ரா கோப்பில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். இந்தப் பூ ஒரே நாள்தான் தாங்கும். காலையில் விரிந்ததும் எடுங்கள்.

ஒரே நேரத்தில் பூக்காத பூக்களை ஒரே படத்தில் சேர்ப்பது ஏமாற்று இல்லையா?

இல்லை. ராகேல் ரோய்ஷ் (1664–1750) போன்ற டச்சு ஓவியர்கள் வெவ்வேறு பருவத்துப் பூக்களை ஒரே சாடியில் தீட்டினார்கள். நீங்களும் வெவ்வேறு மாதங்களில் எடுத்துச் சேர்க்கலாம். ஒளி வரும் திசை, கேமரா உயரம், லென்ஸ் மூன்றும் மாறக் கூடாது. மாறினால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். பூ வளர்ப்பும் இந்தக் கலையில் பாதி என்பேன். ஓவியராகத் தொடங்கிய ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் 1936-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தாம் வளர்த்த டெல்பினியம் பூக்களையே காட்சிக்கு வைத்தார்.

ரப்பர் மரங்களைத் தூரிகைக் கோடு போல எடுப்பது எப்படி?

ஷட்டர் அரை விநாடி, ஐஎஸ்ஓ 100, எஃப் 11. வெளிச்சம் கூடினால் லென்ஸில் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி). மரத்தின் வாக்கிலேயே கேமராவை மேலிருந்து கீழே இழுங்கள். கை அசையத் தொடங்கிய பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். நின்ற இடத்தில் அழுத்தினால் தொடக்கத்தில் தடித்த கறை விழும். பனிமூட்டம் கலையுமுன் எடுங்கள்.

செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) கீழே எடுத்தால் வெள்ளைப் பூவும் பச்சையாகிறது.

மட்டைகள் வழியே வரும் வெளிச்சமே பச்சை. அதே இடத்தில் சாம்பல் நிற அட்டையைப் படமெடுத்து ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் அமைப்பு) சரிசெய்யுங்கள். இலைப் பளபளப்பைக் குறைக்க லென்ஸில் போலரைசர் ஃபில்டர்.

அச்சிட்டுச் சட்டம் போட்ட படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, சார்.

நம் ஈரப்பதத்தில் அது நடக்கும். பருத்தித் தாளில் பிக்மென்ட் (நிறமித் துகள்) மையில் அச்சிட்டு, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தைச் சுற்றி வரும் 2 மில்லிமீட்டர் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட மேட் (பளபளப்பற்ற) தாளில் கறுப்பு ஆழம் குறையும், ஆகவே அச்சுக்கு முன் நிழலைச் சற்றுத் தூக்குங்கள். 6000×4000 பிக்சல் படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 20 அங்குல அகலம் வரை அச்சிடலாம். லென்ஸையும் 40–50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள உலர் பெட்டியில் வையுங்கள். இங்கே பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.