வீட்டு ஃபயர்வாலின் லாக் கோப்புகளை எதில் சேமிப்பது?

ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் போட்ட சின்னப் பெட்டியில் இஎம்எம்சி (போர்டிலேயே பொருத்திய ஃபிளாஷ் சேமிப்பகம்) மட்டுமே இருக்கிறது, லாக் (நடப்பதைப் பதியும் குறிப்பு) எழுதியே அது தேய்ந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். தேயும். ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கவும் ஒரு முழுப் பக்கத்தை (எழுதக்கூடிய மிகச் சிறிய தொகுதி) எழுத வேண்டும். தடுத்த பாக்கெட் ஒவ்வொன்றையும் பதியவிட்டால் எழுதுவது ஓயாது. பெட்டியில் எம்.2 இடம் (எஸ்எஸ்டி செருகும் சின்னத் துளை) இருந்தால் யோசிக்காமல் எஸ்எஸ்டி போடுங்கள், 120 ஜிபியே தாராளம். எஸ்டி கார்டு பக்கம் போகவே வேண்டாம்.

எம்.2 இடமில்லையா? லாக்கை ரேம் டிஸ்க்குக்கு (ரேமின் ஒரு பகுதியையே டிஸ்க்காகப் பயன்படுத்துவது) மாற்றும் வசதி அமைப்புகளிலேயே உண்டு. ஆனால் கரண்ட் போனால் லாக்கும் போச்சு, அதுவும் பெட்டி ஏன் நின்றுபோனது என்று பார்க்க வேண்டிய நேரத்தில். அதனால் லாக்கை நெட்வொர்க்கில் அனுப்பும் சிஸ்லாக் வழியாக, வழக்கமான 514 போர்ட்டில், வீட்டிலுள்ள நாஸுக்கோ (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) பழைய கணினிக்கோ ஒரு நகல் அனுப்புங்கள். யார் எங்கே எவ்வளவு டேட்டா அனுப்பினார்கள் என்று கணக்கு வைக்கும் நெட்ஃப்ளோவைப் பார்ப்பதே இல்லையென்றால் அதை அணைத்துவிடலாம். அதுவும் சத்தமில்லாமல் நிறைய எழுதும்.