இருமுக நானோ துகள் ஆராய்ச்சியால் நம் ஊருக்கு என்ன பயன்?

உங்கள் வீட்டிலும் யாரோ இதைக் கேட்டு உங்களை நோகடித்திருக்க வேண்டும். என்னிடம் கேட்டவர் அப்பா. மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நெல்.

பூச்சிக்குத் தெளிக்க, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு. கலக்கியதும் பால்போல இருக்கும்; நான்கு வரப்பு தாண்டுவதற்குள் எண்ணெய் மேலே ஏறிவிடும். ஒரு குறுவையில் டேங்கின் அடியில் மிஞ்சிய எண்ணெய் அப்படியே விழுந்து வரப்போரப் பயிர் தீய்ந்துபோனது. “எண்ணெயைத் தண்ணீரில் நிற்கவைக்க உன் படிப்பில் வழி இல்லையாம்மா?” என்றார்.

என் ஆய்வே அதுதான். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா மணிகளை உருகிய மெழுகில் பாதி புதைத்து, குளிரவைத்து, வெளியே தெரியும் பாதிக்கு மட்டும் பூச்சு கொடுக்கிறோம். மெழுகைக் கரைத்தபின் மறுபாதிக்கு வேறு பூச்சு. அதுதான் இருமுகத் துகள்: ஒரு முகம் நீரோடு ஒட்டும், மற்றது எண்ணெயோடு. சோப்பு மூலக்கூறு எண்ணெயும் நீரும் தொடும் எல்லைக்கு வந்து வந்து போகும். இந்தத் துகள் உட்கார்ந்தால் எளிதில் எழாது. நீர் முகத்தில் பிநிபாம் என்ற பாலிமரை வளர்த்தால், சுமார் 32 டிகிரியைத் தாண்டியதும் அது நீரை உதறிச் சுருங்கும், பால்போன்ற கலவை பிரியும். இரும்பு ஆக்சைடும் சேர்த்தால் காந்தம் வைத்துத் துகளைத் திரும்ப எடுக்கலாம்.

இது வயலுக்கு வந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. தெளிப்பு மருந்துக்கு விலை கட்டாது என்று எழுத வருகிறவர்களே, அது எனக்கும் தெரியும். நாங்கள் செய்வது சில மில்லிகிராம்.

புரட்டாசியில் அந்தக் கலவையில் ஒரு குப்பி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பஸ் வெக்கையிலேயே பிரிந்துவிட்டது. அப்பா அப்போது நான்கு இரவுகளாகக் கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலுக்குக் காவல் படுத்திருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். மழையில் திறந்த வெளியில் காக்கவைத்தால் நெல் எப்படிக் காயும்? ஒரு தார்ப்பாய்கூடக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மதியம் சாப்பிட வந்தவர் குப்பியைப் பார்த்து, “இதுவும் பிரிந்துவிட்டதே” என்றார். மண்பானைத் தண்ணீரில் முக்கிவைத்து, சில்லிட்டதும் குலுக்கிக் கொடுத்தேன். வெள்ளையாகத் திரண்டு நின்றது. ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய் முற்றத்து வெயிலில் வைத்தார். எண்ணெய் மறுபடி மேலே ஏறும்வரை, சோறு ஆறுவதையும் பார்க்காமல், பக்கத்திலேயே குந்தியிருந்தார்.