அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய்: தம்பிக்கும் மரபணுச் சோதனை வேண்டுமா?

கேள்வி: நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம். 4 வயது மகளுக்கு ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். மஜ்ஜைப் பரிசோதனையில் '12, 21 குரோமோசோம் இடமாற்றம்' என்று வந்திருக்கிறது. நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்கிறார்கள். கைக்குழந்தையான மகனுக்கும் சோதிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்த மாற்றம் நீங்களோ உங்கள் கணவரோ கொடுத்தது அல்ல. மகளின் ரத்தம் ஊறும் செல் ஒன்றில் அந்த இரண்டு குரோமோசோம்களும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. ஈடிவி6, ரன்எக்ஸ்1 என்ற மரபணுக்கள் அதனால் ஒன்றாகிவிட்டன. பெரும்பாலும் இது கருவிலேயே நடந்துவிடுகிறது. பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்துவைத்த ரத்தத் துளிகளைப் பின்னாளில் ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார்கள். ஆனால் இந்த மாற்றத்தோடு பிறக்கும் குழந்தைகளில் நூற்றில் ஒன்றுக்குக்கூட நோய் வருவதில்லை; அதே செல்களில் வேறு மாற்றங்களும் சேர்ந்தால்தான் வரும். நலமாக இருக்கும் தம்பிக்குச் சோதித்தால் வீண் பயம்தான் மிஞ்சும். ஒரே கரு இரட்டையர் என்றால் மட்டும் கதை வேறு. நஞ்சுக்கொடி வழியே ஒருவரின் செல் மற்றவருக்குப் போய்விடும்.

சொந்தத்தில் கட்டினால் சில அரிய பரம்பரை நோய்கள் கூடுதலாக வரும் என்பது உண்மை. அந்தக் கணக்கை இந்த நோயின் தலையில் கட்டுவது நியாயமில்லை. குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது தனியாக விசாரிக்க வேண்டிய விஷயம்.

மருந்தின் கடுமையை முடிவு செய்யத்தான் மகளுக்கு அந்த மஜ்ஜைப் பரிசோதனை. 9, 22 குரோமோசோம்கள் இடம் மாறியிருந்தால் இமாடினிப் போன்ற மாத்திரையும் சேர்க்க வேண்டியிருக்கும். உங்கள் மகளுடையது நன்றாகக் குணமாகும் வகை. ஆனாலும் முதல் கட்ட சிகிச்சை முடிந்ததும் மஜ்ஜையில் நோய்ச் செல் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் எம்.ஆர்.டி. முடிவைக் கட்டாயம் கேளுங்கள். அதற்கும் சம அளவு எடை உண்டு.

பரம்பரையாக வரும் ஒரு மரபணுவைப் பற்றி மட்டும் நீங்களே கேட்கலாம்: என்.யு.டி.டி.15. அதில் மாற்றம் இருந்தால், இந்த நோய்க்குக் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மாத்திரையின் வழக்கமான அளவே தாங்காமல் வெள்ளையணுக்கள் சரிந்துவிடும். நம் நாட்டில் இது அபூர்வம் அல்ல. மாத்திரை தொடங்குமுன் தெரிந்தால் அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள். சோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு, அன்றிரவே பாளையங்கோட்டை மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.