விஆர் பயிற்சிக்குக் கதை வேண்டுமா? நைட் ஷிஃப்ட் ஆளோடு உட்காருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சிடிசி (கொழுந்தை ரோலர்களுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டும் மிஷின்) பிரிவில் வேலை செய்பவர்களுக்கு விஆர் கண்ணாடி (மாட்டினால் அந்த இடத்திலேயே நிற்பது போலக் காட்டுவது) மூலம் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க முதலாளி முடிவு செய்திருக்கிறார். கொட்டேஷன் கொடுத்தவர் "கதையை நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்கிறார். எங்களில் யாருக்கும் கதை எழுத வராது. என்ன செய்வது?

பதில்: வராவிட்டால் பரவாயில்லை. உங்களுக்குத் தேவை கற்பனைக் கதை இல்லை, உங்கள் ஃபேக்டரியில் ஏற்கனவே நடந்து, மயிரிழையில் தப்பித்த ஒரு பத்து நொடி. அது ஆபீஸ் ஃபைலில் இருக்காது. நைட் ஷிஃப்ட் டீ நேரத்தில் பழைய ஆட்களோடு உட்கார்ந்து, "என்றைக்காவது கை போயிருக்கும்னு தோணுச்சா?" என்று கேளுங்கள். விதிமுறை என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், போர்டில் இருப்பதை ஒப்பிப்பார்கள்.

என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணி, கொழுந்து வரத்து அதிகம், சிடிசி வாயில் இலை அடைத்துக்கொள்கிறது. இரண்டு ரோலரில் ஒன்று மெதுவாகச் சுற்றும், இன்னொன்று சுமார் பத்து மடங்கு வேகத்தில் சுற்றும், நடுவில் போனது எதுவானாலும் திரும்பி வராது. இது மிஷினில் நிற்கும் ஆளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் ஏன் கையால் தள்ளப் போனார்? மிஷினை நிறுத்தினால் பின்னால் பெல்ட்டில் இலை குவியும், அப்புறம் யாராவது வந்து "ஏன் நிறுத்தினே?" என்று சத்தம் போடுவார்கள். உங்கள் கதை இந்த "ஏன் நிறுத்தினே"யில்தான் இருக்கிறது. சத்தம் போடுகிற அந்தக் குரலும் பயிற்சியில் கேட்க வேண்டும். நிர்வாகம் முதலில் வெட்டச் சொல்வது அதைத்தான், விட்டுக்கொடுக்காதீர்கள். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது "கவனமாக இரு" என்கிற போர்டுதான், அதற்கு இவ்வளவு செலவு எதற்கு?

அமெரிக்காவில் வால்மார்ட் 2017-ல் விஆரைத் தன் பயிற்சி மையங்களுக்கெல்லாம் கொண்டுபோனபோது, அதில் காட்டிய காட்சிகளில் ஒன்று தள்ளுபடி நாளில் கடைக்குள் முண்டியடிக்கும் கூட்டம். வகுப்பில் உட்கார வைத்து அந்த நெருக்கடியைக் காட்ட முடியாது. உங்களுக்கு அந்தக் கூட்டம், அடைத்துக்கொண்ட இலை.

கண்ணாடி போட்டவர்தான் கதாநாயகன், அவர் எதிரே இன்னொருவர் நடிப்பதை வேடிக்கை பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குள், ஒரே ஒரு முடிவு: ஸ்விட்சா, கையா. தப்பாக எடுத்தால் ரத்தம் காட்டாதீர்கள், மிஷின் சத்தம் சட்டென்று நின்று எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்க்கட்டும், அதுவே போதும். 360 டிகிரி வீடியோ என்றால் கேமராவை வேலை செய்பவரின் கண் உயரத்தில் வையுங்கள், நகர்த்தாதீர்கள், நகர்ந்தால் தலை சுற்றும். பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது நம் கையில் இல்லை. அதனால் ஆபத்து இடது பக்கம் என்றால் இடது பக்கத்திலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உண்மைக் கதையை எடுக்காதீர்கள். உங்கள் ஃபேக்டரியில் யாருக்காவது நிஜமாகவே விரல் போயிருந்தால் அந்தச் சம்பவம் வேண்டாம். பெயரை மாற்றினாலும் வேண்டாம். நம் ஊர் சின்னது. எஸ்டேட் லைன் வீட்டிலும் ஹட்டியிலும் (படுகர் ஊர்) எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், எந்த மிஷின், எந்த ஷிஃப்ட் என்று காட்டினால் ஆள் யாரென்று அடுத்த நிமிடமே சொல்லிவிடுவார்கள். அவர் சம்மதித்தாலும் சரி, முதலாளி கேட்டால் அவரால் எப்படி மறுக்க முடியும்? அவருடைய மனைவியோ தம்பியோ அதே ஷிஃப்டில் இருக்கலாம், அவர்கள் தலையிலும் அந்தக் கண்ணாடியை மாட்டப் போகிறீர்கள். தப்பித்தவர்கள் கதை போதும், அது நிறையவே கிடைக்கும்.

இனி கொட்டேஷன். இந்த இடைத்தரகர்களில் பலர் வெளிநாட்டுக் கிடங்குக்குச் செய்த ரெடிமேட் பயிற்சியில் தமிழ்க் குரலை ஒட்டி விற்கிறார்கள். மஞ்சள் ஹெல்மெட் போட்டவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதைப் பார்த்து நம் அக்காமார்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? முழுப் பணம் கொடுக்கும் முன் உங்கள் ஃபேக்டரியில் எடுத்த ஒரு நிமிடக் காட்சியைக் கேளுங்கள். எடுத்த வீடியோவும் மூல ஃபைல்களும் உங்களுக்கே சொந்தம் என்று எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு ஸ்விட்ச் இடம் மாறினாலும் அவரிடமே போய் நிற்க வேண்டும். பத்து கண்ணாடி இப்போது வேண்டாம், இரண்டு போதும். எத்தனை கண்ணாடி, எத்தனை கையெழுத்து என்றுதான் எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். ஆய்வுக்கு வருகிறவரும் பதிவேட்டைத்தான் புரட்டுகிறார், கற்றுக்கொண்டாயா என்று ஒரு ஆளிடமாவது கேட்டு நான் பார்த்ததில்லை. ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. உங்கள் சிடிசியின் தடுப்பு கழற்றி மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தால், முதலில் அதை மாட்டுங்கள், விஆர் அப்புறம்.

வலிப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கண்ணாடி வேண்டாம். நம் பனிக்கு லென்ஸில் ஆவி படியும், மெல்லிய பருத்தித் துணி பக்கத்தில் இருக்கட்டும். ஈரம் காயட்டும் என்று வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். குன்னூரில் ஒரு இடத்தில் ஜன்னலோரம் லென்ஸ் மேலே பார்க்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள், வந்து பார்த்தால் லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே திரையில் மஞ்சளாக ஒரு தீய்ந்த புள்ளி. அதைச் சரிசெய்ய வழியில்லை, புதுசுதான் வாங்கினார்கள்.